மூன்று பாட்டில் மையைக் குடித்த பஞ்சு

கறுப்பு வெள்ளைப் படம் அது. பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது தாத்தாவின் நெற்றியும் கன்னமும் பாசி படிந்த படித்துறைக் கல்லைப் போலப் பச்சையோடி இருந்தன. தோளில் கிடந்த துண்டின் மடிப்புகளிலும் அதே பச்சை. கணினித் திரையில் சாம்பல் நிறம் சுத்தமாகத் தெரிந்தது. ஆகவே குறை படத்தில் இல்லை, இயந்திரத்தில்தான்.

படத்தைக் கொண்டுவந்தவர் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஆற்றோரத் தெருவில் இருக்கும் ஓர் ஆச்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்குள்ளும் சிந்துபூந்துறைக்குள்ளும் புகுந்தது. ஆச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படம் சட்டத்தோடு ஊறிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு அதைத் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துவிட்டார். பிரிக்கப் பயம். வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம் என்று நாள் குறித்த பிறகுதான், அன்றைக்குத் தாத்தா சுவரில் இருக்க வேண்டும் என்று பங்குனிக் கடைசியில் என்னிடம் எடுத்துவந்தார்.

கண்ணாடியோடு ஒட்டி ஓராண்டுக்கு மேல் காய்ந்த படம். இப்படிப்பட்டதை உலர்ந்த நிலையில் இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேலடுக்கு ஜெலட்டின். ஊறினால் உப்பி இளகும். கண்ணாடியும் படமுமாகத் தட்டில் வைத்து, குளிர்ந்த சுத்தமான தண்ணீர் ஊற்றி, விளிம்பு தானாக விடும்வரை காத்திருந்தேன். இடது கீழ் மூலை மட்டும் போயிற்று. முகம் முழுதாக வந்தது. இத்தனை ஆண்டுகளில் தாளில் மஞ்சள் ஏறவே இல்லை. அந்தக் காலத்தில் அதைக் கழுவிய ஸ்டுடியோக்காரர், படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனமான ஹைப்போ போகும்வரை பொறுமையாக அலசியிருக்கிறார். என் அப்பா பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஹைப்போ மிச்சம் இருந்தால் படம் ஒருநாள் பழுக்கும் என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை மாற்றி மாற்றி அலசுவார். அந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படத்தை நகல் எடுத்து, போன மூலையையும் சேற்றுக் கறையையும் கணினியில் சரிசெய்ய எனக்குப் பத்து இரவுகள் ஆயின. அந்த உழைப்பின் முடிவில்தான் பச்சை முகம் வந்தது.

பிரிண்டர் ஆறு நிற மைத்தொட்டி வகை. வெள்ளத்தில் நனைந்த படங்களைப் பலரும் கொண்டுவரத் தொடங்கியதால் 2024 மாசியில் வாங்கினேன். உத்தரவாதம் ஓராண்டு. பச்சை முகம் வந்தது 2025 சித்திரையில். உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஏன் பச்சை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கோளாறின் நூல்முனை அதில் இருக்கிறது. ஆறு நிற பிரிண்டரில் பளபளப்புத் தாளுக்குரிய சாம்பல் நிறம் கறுப்பு மையால் மட்டும் உண்டாவதில்லை. சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், அவற்றோடு லைட் சயான், லைட் மெஜந்தா எல்லாம் அளவாகச் சேர்ந்துதான் அந்தச் சாம்பல் பிறக்கிறது. தராசில் ஒரு தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்தாலும் சாய்ந்துவிடுவது போல, மெஜந்தா குறைந்தால் படம் பச்சைப் பக்கம் சாயும். வண்ணப் படத்தில் இது உடனே கண்ணில் படாது. தோல் நிறம் சற்று மங்கல் என்றுதான் தோன்றும். கறுப்பு வெள்ளைப் படம் மறைக்காது. அந்த வகையில் தாத்தாவின் படம் எனக்கு உதவி செய்தது. இல்லையென்றால் இன்னும் எத்தனை பாஸ்போர்ட் படங்களை மங்கலாகவே கொடுத்திருப்பேனோ தெரியாது.

மை தெளிக்கும் ஹெட்டின் ஒவ்வொரு துளையும் வேலை செய்கிறதா என்று கோடுகளால் காட்டும் நாசில் செக் தாளை எடுத்தேன். ஐந்து நிறங்கள் முழுமை. லைட் மெஜந்தாவில் பாதிக்கு மேல் கோடுகளைக் காணவில்லை.

அடுத்து நான் செய்தது தவறு. ஹெட் கிளீனிங் கொடுத்தேன், சரியாகவில்லை. மறுபடி கொடுத்தேன். இரண்டு கோடுகள் வந்தன, வேறு மூன்று போயின. அந்த இரண்டு கோடுகள் தந்த நம்பிக்கையில் ஒரே மாலையில் ஏழு முறை கொடுத்துவிட்டேன். ஏழாவது முறை ஓடி முடிந்ததும் இயந்திரம் நின்றது. முன்பக்கத்தில் இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னின. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது, சேவை மையத்தை அணுகவும் என்று கணினியில் செய்தி வந்தது. அதன் பிறகு எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை.

சேவை மையத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உத்தரவாதம் முடிந்துவிட்டது, பஞ்சை மாற்ற வேண்டும், ஹெட்டும் போயிருக்கலாம், ஹெட் மாற்றினால் புதிய பிரிண்டரின் விலையில் பாதிக்கு மேல் ஆகும், பேசாமல் புதியது வாங்கிவிடுவது நல்லது என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் உறுப்பும் உடையாத, ஒரு பல்சக்கரமும் தேயாத இயந்திரத்தை எப்படித் தூக்கிப் போடுவது? நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் அப்பாவின் என்லார்ஜர் முப்பது ஆண்டு உழைத்தது. அதில் பல்பையும் பெல்லோஸையும் தவிர எதையும் அவர் மாற்றியதில்லை.

காலையில் யோசித்தபோது ஒன்று புரிந்தது. என்னிடம் இருப்பவை இரண்டு கோளாறுகள். ஹெட் அடைப்பு ஒன்று, பஞ்சு நிரம்பியது மற்றொன்று. முதலாவதற்கு நான் செய்த வைத்தியம்தான் இரண்டாவதை விரைவுபடுத்தியது. ஹெட் கிளீனிங் என்பது ஹெட்டின் துளைகள் வழியாக மையைப் பம்பு வைத்து இழுத்து வெளியேற்றுவது. அப்படி வெளியேறும் மை ஒரு சிறு குழாய் வழியாக இயந்திரத்தின் வயிற்றில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. ஆறு நிறத்தில் ஒன்று அடைத்தாலும் ஆறு நிறத்தையும் சேர்த்தே இழுக்கும்.

பஞ்சு நிரம்பியதை பிரிண்டர் தொட்டுப் பார்த்து அறிவதில்லை. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் ஒவ்வொரு விளிம்பில்லாப் படத்துக்கும் இவ்வளவு மை போயிருக்கும் என்று ஒரு கணக்கை உள்ளே எழுதி வைக்கிறது. அந்த எண் வரம்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. நிற்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது: நிற்காமல் ஓடினால் மை வழிந்து மேசையில் இறங்கும், சர்க்யூட்டையும் கெடுக்கும்.

இந்த எண்ணை அழிக்கும் மென்பொருள்கள் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை நான் தொடவில்லை. படம் கொடுத்தவர்களின் கோப்புகள் எல்லாம் இருக்கும் கணினி அது. யாரோ ஏற்றிவைத்ததை அதில் இறக்க மனம் வரவில்லை. பழுது பார்க்கும் கடைகளில் முறையாகச் செய்து கொடுப்பார்கள். பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் அப்படி ஒரு அண்ணாச்சி இருக்கிறார். போனதும் ரீசெட் வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பஞ்சை எடுத்துப் பார்த்தீர்களா அம்மா?" என்பதுதான். இல்லை என்றேன். "எண்ணை நான் இரண்டு நிமிடத்தில் அழித்துவிடுவேன். உள்ளே இருக்கும் மையை அழிக்க முடியாது. பஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். அன்றே என்னிடம் பணம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

கழற்றுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. என்னுடைய மாதிரியில் பின்பக்க மூலையில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு மூடி. ஒரே ஒரு மறையாணி. நட்சத்திரத் திருப்புளியால் கழற்றியதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் அடுக்கடுக்காகக் கம்பளி போன்ற பஞ்சு. தட்டை இழுக்கும்போது அதோடு ஒரு மெல்லிய குழாயும் வரும். அவசரப்பட்டால் அது உள்ளே வேறு இடத்தில் கழன்றுகொள்ளும், பிறகு மொத்தமும் பிரிக்க வேண்டியிருக்கும். தட்டை இரண்டு விரல் அளவு மட்டும் இழுத்து, குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சுழற்றி விடுவித்தேன். இதற்கு முன்பு தரையில் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் தினத்தாள்களும் போட்டிருந்தேன், கையுறை அணிந்திருந்தேன். மொசைக் தரையில் விழுந்த மை போகவே போகாது.

பஞ்சு கன்னங்கரேலென்று, களி போலக் கனத்தது. ஆர்வத்தில் அடுக்களைத் தராசைக் கொண்டுவந்து, ஒரு பையில் போட்டு நிறுத்தேன். 238 கிராம். கழுவிக் காய்ந்த பிறகு அதே பஞ்சு 41 கிராம்தான் இருந்தது. அப்படியானால் 197 கிராம் மை உள்ளே இருந்திருக்கிறது. நான் வாங்கும் மை பாட்டில் ஒன்றுக்கு 70 மி.லி. ஏறக்குறைய மூன்று பாட்டில் மை, ஒரு தாளையும் தொடாமல், என் காசில் வாங்கிய மை, இந்தப் பஞ்சுக்குள் போயிருக்கிறது. மையில் பெரும்பங்கு தண்ணீர். பதினான்கு மாதத்தில் அதில் கொஞ்சம் ஆவியாகவும் போயிருக்கும். உண்மைக் கணக்கு இன்னும் கூடும். அந்தத் தராசு முள்ளைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் சேவை மையம் சொன்ன விலையைக் கேட்டபோதுகூட வரவில்லை.

கழுவும் வேலை பெரிய வேலை. வாளியில் போட்டு அமுக்கினால் தண்ணீர் உடனே மைக்கூடாகிவிடுகிறது. முதல் இரண்டு வாளிக் கெட்டித் தண்ணீரை மரத்தூளில் ஊற்றி ஊறவைத்து, கட்டிக் குப்பையில் சேர்த்தேன். செடிக்கோ கிணற்றுப் பக்கமோ போக விடவில்லை. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். கறுப்பு போய் ஊதா வந்தது, ஊதா போய் வெளிர் நீலம், பிறகு சோறு வடித்த கஞ்சி போல ஒரு மங்கல். பதினொன்றாவது வாளியில் தண்ணீர் தெளிந்தது. அப்பாவோடு இருட்டறையில் நின்ற மாதிரியே இருந்தது. பஞ்சை முறுக்கிப் பிழியக் கூடாது; உள்ளங்கையால் அமுக்கித்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். முறுக்கினால் அடுக்கு குலைந்து, திரும்பத் தட்டில் உட்காராது. எந்த அடுக்கு எதற்கு மேலே இருந்தது என்பதைக் கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

மாடியில் காயப்போட்டேன். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வடகம் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். ஆனால் பஞ்சு ஏமாற்றும். ஒரு நாளில் மேற்பரப்பு காய்ந்து முறுமுறுத்தது. தராசில் வைத்தால் 96 கிராம். இரண்டாம் நாள் 58. மூன்றாம் நாள் 41. நான்காம் நாள் காலையிலும் அதே 41. எடை இறங்குவது நின்றால்தான் உள்வரை காய்ந்தது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்து முடிவு செய்திருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே ஈரத்தோடு உள்ளே வைத்திருப்பேன்.

பஞ்சு காய்ந்துகொண்டிருந்த நாள்களில் ஹெட்டைக் கவனித்தேன். இதற்கு வேண்டியவை இரண்டே. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணி. போர் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு துளைகளுக்குள் படிந்தால் அடைப்புக்கு மேல் அடைப்பு. பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் தன் இடத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். இப்போது அதைக் கையால் மெதுவாகத் தள்ள முடியும். துணியை நான்காக மடித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பாதையில் விரித்து, ஹெட்டை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தினேன். மடிப்பு தடித்துவிடக் கூடாது. ஹெட்டின் அடிப்பகுதி துணியைத் தொட வேண்டும், துணி ஹெட்டைத் தூக்கக் கூடாது. இரவு முழுக்க அப்படியே விட்டேன்.

காலையில் துணியில் ஐந்து கோடுகள் அழுத்தமாகவும் ஒன்று வெளிறியும் இருந்தன. அந்த ஒன்று லைட் மெஜந்தா. இரண்டாம் இரவு புதுத் துணி. இந்த முறை ஆறும் தெரிந்தன.

சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி ஹெட்டின் உள்ளே அழுத்திச் செலுத்தும் முறையைச் சிலர் சொன்னார்கள். நான் செய்யவில்லை. என்னுடைய பிரிண்டரின் ஹெட்டில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மின்சாரத்தால் நெளிந்து மையைத் தள்ளும் மிகச் சிறிய பீசோ உறுப்பு இருக்கிறது. கட்டைவிரல் கொடுக்கும் அழுத்தம் அதற்கு மிக அதிகம். ஊறவைத்தால் ஒரு நாள் கூடுதலாகும், ஆனால் திரும்பப் பெற முடியாத சேதம் வராது.

ஹெட் ஓய்வெடுக்கும் வலது மூலையில் ரப்பர் விளிம்போடு ஒரு சிறிய கிண்ணம் உண்டு. மூடி அது, வேலை முடிந்ததும் ஹெட் அதன் மேல் உட்கார்ந்து, காற்றுப் படாமல் துளைகளை ஈரமாக வைத்திருக்கும். கிளீனிங்கின்போது பம்பு இழுப்பதும் இதன் வழியாகத்தான். என்னுடைய கிண்ணத்தின் விளிம்பில் மை பொருக்குத் தட்டியிருந்தது. விளிம்பு பொருந்தாவிட்டால் பம்பு மையை இழுக்காது, காற்றைத்தான் இழுக்கும். ஏழு முறை கொடுத்தும் பலனில்லாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நனைத்த பஞ்சுக் குச்சியால் பொருக்கை எடுத்தேன், பக்கத்தில் இருக்கும் ரப்பர் துடைப்பானையும் துடைத்தேன்.

நான்காம் நாள் பஞ்சைத் தட்டில் அடுக்கி, குழாயைச் செருகி, மறையாணியை முறுக்கி, பிரிண்டரை ஆட்டோவில் வைத்து ஜங்ஷனுக்குக் கொண்டுபோனேன். மைத்தொட்டி சாயாமல் மடியில் வைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அண்ணாச்சி மூடியைத் திறந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேபிளைச் செருகினார். 350 ரூபாய். விளக்குகள் மின்னுவது நின்றது.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன். ஹெட் விருட்டென்று இடது பக்கம் ஓடி, டம்மென்று சுவரில் மோதி, நின்றது. புதிய பிழைச் செய்தி. கை நடுங்கிவிட்டது. இத்தனை செய்தும் ஹெட்டை உடைத்துவிட்டேனோ என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால், இடமிருந்து வலம்வரை, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கிறது. வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறக் கண்ணாடித்தாள் போல் தெரியும். உண்மையில் அதில் மிக நுண்ணிய கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஹெட்டில் உள்ள ஒளி உணரி அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே ஓடித்தான் தான் எங்கே இருக்கிறேன் என்பதை அறிகிறது. அந்த நாடாவில் என் கட்டைவிரல் ரேகை அழகாக மெஜந்தாவில் பதிந்திருந்தது. ஹெட்டைக் கையால் தள்ளியபோது பட்டிருக்கிறது. கோடுகள் மறைந்த இடத்தில் எண்ணிக்கை தவறி, இடம் தெரியாமல் ஓடி மோதியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியை இரண்டு விரலில் நாடாவின் இருபுறமும் வைத்து, இழுக்காமல் நீளவாக்கில் நீவினேன். நாடா கொக்கியிலிருந்து கழன்றால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. ஸ்பிரிட் போன்றவற்றை அதில் பயன்படுத்தக் கூடாது, கோடுகளே அழிந்துபோகலாம். மூன்று முறை துடைத்த பிறகு ஹெட் அமைதியாக ஓடித் தன் கிண்ணத்தில் உட்கார்ந்தது. இதைச் செய்யப் போகிறவர்கள் திறந்தவுடன் முதலில் அந்த நாடா எங்கே இருக்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாசில் செக்: லைட் மெஜந்தாவில் ஆறு கோடுகள் குறை. ஒரே ஒரு கிளீனிங் கொடுத்தேன், இரண்டாகக் குறைந்தது. இன்னொன்று கொடுக்கக் கை பரபரத்தது, கொடுக்கவில்லை. அணைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் விட்டேன். ஊறிய மை கரைய வேண்டியதைக் கரைக்கட்டும் என்று. காலையில் எடுத்த தாளில் ஆறு நிறமும் ஒரு கோடு விடாமல் வந்திருந்தது. அந்தத் தாளைத் தேதி போட்டு மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஹெட் ஏன் காய்ந்தது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. காரணம் தெரியாவிட்டால் மூன்று மாதத்தில் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். வெயில் ஒரு காரணம்தான், ஆனால் போன சித்திரையிலும் இதே வெயில் அடித்தது. அப்போதுதான், பச்சை முகம் வந்த அன்று பிரிண்டரை ஆன் செய்வதற்கு முன்பு மூடியைத் திறந்தபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. ஹெட் தன் கிண்ணத்தில் இல்லை. இரண்டு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அன்று அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்கள் வீட்டில் இரவு படுக்கும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பது பழக்கம். கோடை இடி இறங்கும் மாதங்களில் அம்மா இன்னும் கவனமாக இருப்பார். வானம் இருண்டாலே ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவிட்சை அணைத்துவிடுவார். நானும் கடைசித் தாள் விழுந்ததும் சுவர் சுவிட்சைத்தான் அணைத்துவந்தேன். பிரிண்டர் அப்போது வேலை முடிந்து ஹெட்டைத் துடைத்து மூடியில் உட்கார வைக்கும் நேரம். நடுவில் மின்சாரம் போனால் நின்ற இடத்தில் நின்றுவிடும், துளைகள் இரவெல்லாம் காற்றில் காயும். மின்வெட்டிலும் இதேதான் நடக்கும். பிரிண்டரில் இருக்கும் பொத்தானை அழுத்தி அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய், கடக்கென்று பூட்டிக்கொண்டு, அதன் பிறகே விளக்கு அணையும். இப்போது சுவிட்சின் பக்கத்தில், விளக்கு அணைந்த பிறகே தொட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா அதை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். மின்வெட்டுக்காகக் கணினியின் யுபிஎஸ்ஸில் பிரிண்டரையும் சேர்த்தேன். இங்க்ஜெட் என்பதால் தாங்குகிறது; லேசர் பிரிண்டராக இருந்தால் அந்தச் சிறிய யுபிஎஸ்ஸில் சேர்த்திருக்கமாட்டேன்.

இன்னொன்றையும் மாற்றினேன். பாஸ்போர்ட் படங்களை 4க்கு 6 அங்குலத் தாளில் எட்டாக அடுக்கி, விளிம்பில்லாமல் அடித்துவந்தேன். விளிம்பில்லாமல் அடிக்கும்போது தாளின் ஓரத்தில் வெள்ளை விழாமல் இருக்க, பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியேயும் மையைத் தெளிக்கிறது. தெளித்தது அடியில் உள்ள பஞ்சுக்குப் போகிறது. 3.5க்கு 4.5 செ.மீ. படங்கள் எட்டு அந்தத் தாளில் ஓரம் விட்டே அடங்கும். எப்படியும் கத்தரித்துத்தான் கொடுக்கிறோம். விளிம்பு விட்டு அடிக்கிறேன். விளிம்பில்லாததைக் கல்யாண ஆல்பத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

தாத்தாவின் படத்தை முதலில் சாதாரணத் தாளில் சிறிதாக அடித்துப் பார்த்தேன், பிறகு 230 ஜிஎஸ்எம் பளபளப்புத் தாளில் 8க்கு 10 அங்குலத்தில். ஈரம் போக இரவு முழுக்க விட்டு, காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தேன். நெற்றியில் திருநீற்றின் வெண்மைக்கும் தோலின் சாம்பலுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய படிநிலைகள் எல்லாம் வந்திருந்தன, பச்சை இல்லை. என்னிடம் இருப்பது டை மை, அதாவது சாயம் கரைந்த மை, வெயில் நேராகப் பட்டால் சில ஆண்டுகளில் வெளுக்கும். அதனால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொன்னேன். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லி அனுப்பினேன். மறுபடி ஈரம் வந்தாலும் ஒட்டாது. ஆச்சி படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காதோரம் அந்த மச்சம் இருக்கிறது" என்றார். கறை என்று நினைத்து அதை நான் அழிக்கப் போனதும், ஏதோ தோன்றி விட்டுவிட்டதும் நினைவுக்கு வந்தது.

செலவு: டிஸ்டில்டு வாட்டர், கையுறை, பஞ்சுக் குச்சி எல்லாம் சேர்த்து 110 ரூபாய், ரீசெட் 350, ஆட்டோ போக வர 240. மொத்தம் 700.

அடுத்த வாரம் அண்ணாச்சி சொன்ன இன்னொரு வேலையையும் செய்தேன். பஞ்சுக்குப் போகும் குழாயின் வாயில், மருந்துக் கடையில் வாங்கிய டிரிப்ஸ் குழாயைச் செருகி நீட்டி, மூடியில் ஓரமாக ஒரு பள்ளம் அறுத்து வெளியே எடுத்தேன். அது இப்போது மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இறங்குகிறது. பாட்டில் பிரிண்டரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாயில் எங்கும் மடிப்போ ஏற்றமோ கூடாது. பாட்டிலின் மூடியில் காற்றுப் போகத் துளை வேண்டும். கழுவிய பஞ்சு உள்ளேயே இருக்கிறது, விளிம்பில் தெளிப்பதை அது வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் எண் இனியும் ஏறும், ஒருநாள் மறுபடி அண்ணாச்சியிடம் போக வேண்டியிருக்கும். ஆனால் எவ்வளவு மை வீணாகிறது என்பதை இப்போது கண்ணால் பார்க்கிறேன். பாட்டிலின் பக்கத்தில் தாள் ஒட்டி, மாதம் ஒரு கோடு போடுகிறேன். சித்திரையிலிருந்து ஆடிவரை நான்கு கோடுகள். நான்கும் சேர்ந்து ஒரு விரற்கடை உயரம்கூட இல்லை.